கழலாத கேபிள்

ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளின் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதில் திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் மாதேஸ்வரனுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் பாதி கைக்கு வந்தது, பாதி வாய்க்கு வந்தது. வடக்கே எங்கோ போய் மாதக்கணக்கில் போர் போட்டுவிட்டுக் கியர் பல் தேய்ந்து திரும்பி வரும் வண்டியைப் பிரித்துப் பார்ப்பான். முடிந்துபோன பாக்ஸாக இருந்தால், "இது முடிஞ்சுதுங்க, இதுல கைய வெக்கறது வீண்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். நயமாகச் சொல்ல வராது, இழுத்தடிக்கவும் வராது. கோபித்துக்கொண்டு போன முதலாளிகளும் அடுத்த தடவை அவனிடமே வந்தார்கள், அவன் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று.

அப்பேர்ப்பட்ட மனுசன் பெண்டாட்டியிடம் மட்டும் மாசி மாதத்திலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

கயல்விழிக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி வந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மருந்து ஏற்றி, முடி கொட்டி, திரும்ப முளைத்து, எல்லாம் ஆனது. அவளும் எழுந்து வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நாமக்கல்லில் ஒரு தீவனக் கம்பெனியின் லேபில் வேலை. எலச்சிபாளையத்து வீட்டிலிருந்து தினமும் தன் பழைய சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய், கோழித் தீவனத்திலும் தண்ணீரிலும் மாதிரி எடுத்து லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். காட்டுப் பாதை, மேடும் பள்ளமும், கியர் மாற்றி மாற்றிக் கை ஓயாது. இந்தத் தை மாதம் இடது கை மேலே, தோளுக்குக் கீழே, நோவெடுக்க ஆரம்பித்தது. மூன்றாவது கியருக்குக் கையை நீட்டித் தள்ளும்போது உயிர் போகிறது என்றாள்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்லும் அன்று அவளை ரத்தம் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு, மாதேஸ்வரனையும் அவள் அண்ணன் காளியண்ணனையும் டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டார். நோய் எலும்புக்குப் போய்விட்டது, இடது கை எலும்பு உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கிறது, கரையான் தின்ற சட்டம் மாதிரி வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றுமில்லை என்றார். சீக்கிரமாக உள்ளே ஒரு கம்பி வைத்து எலும்பை நிறுத்த வேண்டும், அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். அதுவரை அந்தக் கையால் ஒரு குடம் தூக்கக்கூடாது, எதையும் பிடித்து இழுக்கக்கூடாது, கார் ஓட்டவே கூடாது. "அவங்ககிட்ட நானே பேசட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். வேண்டாம் என்றார் காளியண்ணன். மாதேஸ்வரனும் தலையாட்டினான். இன்னும் எத்தனை காலம் என்றுகூட இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

நம் பக்கத்தில் இது ஒரு வழக்கம். ஒருவருக்குப் பெரிய நோய் வந்துவிட்டால் அண்ணன் தம்பிக்குத் தெரியும், பங்காளிக்குத் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் அரசல்புரசலாகத் தெரியும். நோய் வந்தவருக்கு மட்டும் தெரியாது. இதற்குப் பாசம் என்று பேர் வேறு வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரி கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே காளியண்ணன் அந்தப் பாசத்தை எடுத்து வைத்தார்.

"அவகிட்ட மூச்சு உட்றாதீங்க மாப்ள. தெரிஞ்சா மனசு உட்டுருவா. புள்ளைக்குப் பரீட்ச முடியட்டும். சித்திர கழிச்சுப் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"கம்பி வெக்கோணும்னு சொல்றாங்களே மச்சான்."

"கம்பி வெச்சா எதுக்குன்னு கேக்க மாட்டாளா? கரண்ட் வெக்கற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனா, அங்க போர்டு போட்டிருக்கறது அவளுக்குப் படிக்கத் தெரியாதா? ரெண்டு மாசந்தானே. அதுவரைக்கும் கையப் பத்தரமாப் பாத்துக்குங்க."

புள்ளை என்றது அறிவுமதியை. ஒரே மகள், கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் பேரைச் சொன்னதும் மாதேஸ்வரன் அடங்கிப்போனான். உண்மையைச் சொன்னால், அவனுக்கும் ஒத்திப்போட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கயல்விழியிடம், "கால்சியம் கம்மியாம், அதான் நோவுது, மாத்தர குடுத்திருக்காங்க" என்றான்.

"வேற ஒண்ணுமில்லீங்களே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். இரண்டாம் தடவை அவள் கேட்கவில்லை. சங்ககிரி தாண்டும்போது அவன் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். அவனுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வது சுலபம். குடம் தூக்க விடாமல் தானே ஓடிப் போய்த் தண்ணீர் பிடித்தான். துணி துவைக்கிற வேலையையும் பிடுங்கிக்கொண்டான். "என்னுங்க, இருவத்தஞ்சு வருசமில்லாத அக்கற" என்று அவள் கேலி செய்தாள். ஆனால் காரை என்ன செய்வது? லீவு போடு என்று சொல்லிப் பார்த்தான். கால்சியம் கம்மி என்றால் யார் லீவு தருவார்கள் என்றாள். பேட்டரி ஒயரைப் பிடுங்கி வைக்கலாமே என்றால், அவள் மெக்கானிக் பெண்டாட்டி. பானெட்டைத் திறந்து பார்த்துத் தானே மாட்டிக்கொண்டு போய்விடுவாள். தினமும் காலையில் அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டு வாசலில் நிற்பான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஷார்ட் ஷிப்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. கியர் கம்பியையும் அது ஆடுகிற அச்சையும் மாற்றி அமைத்த பொருள். ஒரு சாண் தள்ள வேண்டிய இடத்தில் நாலு விரல் தூரம் தள்ளினால் போதும். வேகமாக ஓட்ட ஆசைப்படும் இளவட்டங்கள் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். தூரம் குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது கியர்பாக்ஸ்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா. அந்தப் பாதியை மென்று விழுங்கிவிட்டு, "கைய நீட்டவே வேண்டாம் புள்ள, உக்காந்த எடத்துலயே கியர் விழும்" என்று மீதிப் பாதியை மட்டும் சொன்னான். போனில் பார்த்து ஆர்டர் போட்டு வரவழைத்தான்.

அதை மாட்டுகிற எண்ணமே அவனுக்கு இல்லை. பழைய கியர் கம்பியிலிருந்து கேபிள்களைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். அப்புறம் இந்தச் சாமான் சேரவில்லை, மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்று சித்திரை வரை காலத்தை ஓட்டிவிடலாம். வண்டி படுத்துக் கிடந்தால் கம்பெனி பண்ணைக்கு வேறு ஆளை அனுப்பும், அவள் லேபில் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். இதுதான் கணக்கு. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரையே பிரிக்கத் துணிந்தான் பாருங்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் காரை நிறுத்தி வேலையை ஆரம்பித்தான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினான். கியர் கம்பியின் அடிப்பாகம் தெரிந்தது. இரண்டு கேபிள்கள் முன்னாலிருந்து வந்து அங்கே முடிகின்றன. ஒன்று கியரை இடம் வலமாக நகர்த்துவது, இன்னொன்று முன்னும் பின்னும் தள்ளுவது. ஒவ்வொன்றின் நுனியிலும் கிண்ணம் போல ஒரு பிளாஸ்டிக் முனை. அது கம்பியில் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்து அழுந்திப் பிடித்திருக்கும். கேபிள் உறையைப் பிடித்திருந்த கிளிப்புகள் இரண்டும் வந்துவிட்டன. அதை யார் வேண்டுமானாலும் திருப்பிச் சொருகிவிடலாம். கிண்ணம் கழன்று, கம்பியையும் வெளியே எடுத்துவிட்டால்தான் வண்டி உண்மையிலேயே படுக்கும்.

கிண்ணம் வரவில்லை. வருடக்கணக்கில் தீவன மூட்டையிலிருந்து உதிர்ந்த தூசி அதற்குள் இறங்கியிருந்தது. மாதிரிப் பாட்டில்களிலிருந்து சிந்திய தண்ணீர் அந்தத் தூசியைக் குழைத்துச் சிமெண்டு மாதிரி இறுக்கியிருந்தது. ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். டீசலை ஊற்றி ஊற வைத்துப் பார்த்தான். வெந்நீர் கொண்டுவந்து துணியில் நனைத்துச் சுற்றி வைத்தான். கட்டிங் பிளேயரால் பிடித்து அசைத்தால் குண்டோடு சேர்ந்து கிண்ணமும் சுற்றியதே தவிர மேலே எழும்பவில்லை. லாரியாக இருந்தால் எல்லாமே இரும்பு, சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு போடு போட்டால் தெறித்துக்கொண்டு வந்துவிடும். இது பிளாஸ்டிக். தட்டினால் தூளாகிவிடும்.

தூளாகட்டுமே என்று உங்களுக்குத் தோன்றும். அவனுடைய காரியத்துக்கும் அதுதானே வேண்டும்? ஒரே அடியில் கிண்ணத்தை உடைத்துவிட்டு, உடைந்துபோயிற்று, புது கேபிள் வரவேண்டும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நடந்தது எதுவும் நடந்திருக்காது. சுத்தியலைக் கையில் எடுக்கவும் செய்தான். ஓங்கவும் ஓங்கினான். கை இறங்கவில்லை. தன் கையால் ஒரு சாமானை உடைத்தான் என்ற பேச்சு அவனுக்கு எந்தப் பட்டறையிலும் வந்ததில்லை. அந்த வீம்பு தன் வீட்டுக் கொட்டகையில், பார்க்க யாருமே இல்லாத இடத்தில்கூட அவனை விடவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். நினைக்க நினைக்க வயிறு எரிகிற இடம் இது.

கயல்விழி டீ கொண்டுவந்தாள். டம்ளரை அவனிடம் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரமா ஒரு மூடியக் கழட்டறீங்களா? இதுக்கா உங்களத் திருச்செங்கோட்டுல தூக்கி வெச்சுப் பேசறாங்க?"

"தூசி அடஞ்சு கெடக்குது புள்ள. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து குனிந்தாள். அவன் மறுபக்கக் கதவு வழியாக மண்டியிட்டு நெம்பிக்கொண்டிருந்தான். அவனுடைய பருத்த விரல்கள் கிண்ணத்துக்கு அடியில் நுழையாமல் தடவித் தடவி வழுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நகருங்க. உங்க கை அங்க நொழையாது. நான் அடியில புடிச்சு முறுக்கி இழுக்கறேன், நீங்க அந்தப் பக்கமிருந்து நெம்புங்க."

"வேண்டாம்."

"வேலை சீக்கரம் முடியுமில்லீங்க."

"வேண்டாம்னா உடு."

அதற்குள் அவள் இடது கையை உள்ளே விட்டாயிற்று. டிரைவர் சீட்டில் இருப்பவருக்குக் கியர் இடது பக்கம். வேறு எந்தக் கை போகும்?

"வலது கைல புடி" என்றான் மாதேஸ்வரன்.

"வலது கை எப்புடிங்க வரும்? ஸ்டீரிங்கு இடிக்குது."

"அந்தக் கைய வெக்காத புள்ள. சொன்னாக் கேளு." குரல் அவனை மீறி உயர்ந்துவிட்டது.

கயல்விழி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணமான நாளாக அவன் அவளிடம் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை. கோபப்படவில்லை அவள். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள்.

"ஏனுங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். உன் எலும்பு அரித்துப் போயிருக்கிறது, கையை எடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முன்பின் தெரியாத முதலாளிகளின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட வாய் அது. அந்த வாயில் அப்போது கொழுக்கட்டை. காளியண்ணன் முகம் வந்தது, பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் மகளின் முகம் வந்தது, எதிரே இருந்தவளின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

"கை அழுக்காயிரும்" என்றான்.

கயல்விழி சிரித்துவிட்டாள். "கோழிப் பீயில நடந்து போயி மாதிரி எடுக்கறவ நான். எனக்கு அழுக்குங்களா?" என்றபடி கிண்ணத்தின் அடியில் விரல்களைக் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முறுக்கி மேல்நோக்கி இழுத்தாள்.

சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஒடச்சுட்டியா?" என்றான் மாதேஸ்வரன்.

கிண்ணத்தைத்தான் கேட்டான். அந்தக் கேள்வியை அவன் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை. கிண்ணம் குண்டின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு நூல்கூட நகரவில்லை. கயல்விழியின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மடங்கவே கூடாத இடத்தில் கை மடங்கித் தொங்கியது.

"ஏனுங்க" என்றாள். அப்புறந்தான் அலறினாள்.

அவன் சுற்றிக்கொண்டு ஓடினான். தோளில் கிடந்த துண்டை உருவி, அந்தக் கையை அவள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினான். கட்டும்போது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து ஓடி வந்துவிட்டார். கொட்டகையில் நிற்கிற கார் கிளிப்புகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தது, திருப்பிச் சொருகிக்கொண்டிருக்க நேரமில்லை. ஓடாமல் இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டானே, அதே மாதிரி ஓடாமல் நின்றது. நாச்சிமுத்து கடைகளுக்கு முட்டை போடுகிறவர். தன்னுடைய ஆம்னி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்சீட்டில் கயல்விழியை உட்கார வைத்தார்கள். பின்னால் சீட்டே கிடையாது, முட்டை அட்டைகள்தான். அவற்றுக்கு நடுவே மாதேஸ்வரன் குந்திக்கொண்டான்.

"திருச்செங்கோட்டுலயே எலும்பு டாக்டர் இருக்காருங்க. போன வருசம் எங்க பையனுக்குக் கட்டுப் போட்டாரு. அங்கயே போயிறலாம்" என்றார் நாச்சிமுத்து.

"சேலம் போங்க."

"சேலமுங்களா? அக்கா நோவு தாங்கோணுமே. அம்புட்டுத் தூரம் எதுக்குங்க?"

"சேலம் போங்கன்னா போங்க நாச்சிமுத்து."

வேன் மேட்டில் ஏறிக் குலுங்கியது. கயல்விழி வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்க அவளால் முடியாது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கை ஒடஞ்சதுக்கு எதுக்குங்க சேலம்?"

மாதேஸ்வரன் சரிய இருந்த ஒரு முட்டை அட்டையைப் பிடித்து நிமிர்த்தினான்.

"ஒரு பிளாஸ்டிக் மூடிய இழுத்ததுக்கு யாருக்காச்சும் கை ஒடயுமுங்களா?"

அவளுக்குப் பதில் தேவையாக இருக்கவில்லை. வலிக்கு நடுவிலேயே அவளுடைய மூளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடம், துவைத்த துணி, லீவு போடச் சொன்னது, இல்லாத அதிசயமாக வந்த இந்தக் கியர் சாமான்.

"எலும்புக்குப் போயிருச்சா?" என்றாள்.

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"மாசியில."

"எங்கண்ணனுக்கு?"

"தெரியும். அவருந்தான் கூட இருந்தாரு."

"அறிவுக்கு?"

"அவளுக்குத் தெரியாது. பரீட்ச முடியட்டும்னு…"

கயல்விழி நாச்சிமுத்து பக்கம் லேசாக முகத்தைத் திருப்பினாள். "உங்களுக்குந் தெரியுங்களா தம்பி?"

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. ரோட்டில் எதிரே எதுவுமே வராதபோதும் ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். "சித்த அப்புடி இப்புடிக் கேள்விப்பட்டனுங்க அக்கா. உங்கண்ணன் ஊட்டுப் பக்கம் முட்ட போடப் போனப்ப" என்றார்.

முட்டை போடுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. கயல்விழி சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க இருந்த ஒரு கையும் மற்றக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதனால் துடைக்கவில்லை.

"டாக்டர் அன்னிக்கு என்ன பண்ணச் சொன்னாங்க?"

மாதேஸ்வரன் சொன்னான். கம்பியைச் சொன்னான், கரண்ட்டைச் சொன்னான், காளியண்ணன் சொன்னதையும் தான் தலையாட்டியதையும் சொன்னான். ஷார்ட் ஷிப்டர் எதற்கு வாங்கினான் என்பதையும் சொன்னான். ஒன்று விடாமல், பட்டறையில் சொல்வானே அதே மாதிரி, கூட்டாமல் குறைக்காமல் வரிசையாக வந்தது. சொல்லச் சொல்லத் தனக்கு இது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கே அவமானமாக இருந்தது.

"வண்டிக்காரங்களுக்கெல்லாம் சொல்லுவீங்க" என்றாள் கயல்விழி. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வேற யாரு கால்சியம்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேனுங்க. போயி டாக்டரையே கேட்டிருப்பேன். நீங்க சொன்னீங்கன்னுதான் கேக்காம உட்டேன்."

சங்ககிரியில் ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கும்போது அவள் மறுபடியும் கத்தினாள். அட்டையில் இரண்டு முட்டைகள் உடைந்து அவன் வேட்டியில் வழிந்தன. அவன் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய பின்னந்தலையை, ஆபரேஷனுக்கு அப்புறம் சுருட்டையாக முளைத்த முடியை, பார்த்துக்கொண்டே வந்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம். தொடுவதற்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், வலது கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மத்தியானம் தாண்டி டாக்டரம்மா வந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மாதேஸ்வரனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவன் கூனிக் குறுகிப்போனான்.

"அன்னிக்கே சொன்னேன் இல்ல? அப்பவே கம்பி வெச்சிருந்தா இந்தக் கை முழுசா இருந்திருக்கும். இப்ப துண்டா உடைஞ்சிருக்கு. நீங்க என் ரூமுக்கு வாங்க, பேசணும்."

மாதேஸ்வரன் நகர்ந்தான். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மா. நோவு எனக்கு. எங்கிட்டப் பேசுங்க."

டாக்டரம்மா நின்றார். கயல்விழியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் புருசன் கண்ணைக் காட்டுவான், டாக்டர்களுக்கும் அது பழக்கந்தான். மாதேஸ்வரன் கண்ணைக் காட்டவில்லை.

"சரிம்மா. அவரும் இருக்கட்டுமா?"

"வேண்டாமுங்க. அவரு வெளிய இருக்கட்டும்" என்றாள் கயல்விழி.

வாசல் வரை போனவன், கூப்பிடுவாளோ என்று ஒரு கணம் தயங்கினான். கூப்பிடவில்லை. நர்ஸ் கதவைச் சாத்தினாள். எதிர்ச் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். போன் அடித்தது, காளியண்ணன். நாச்சிமுத்து சொல்லியிருக்க வேண்டும்.

"மாப்ள, அவளுக்குத் தெரிஞ்சு போச்சா?" கை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் அவர் வாயில் வந்தது அதுதான்.

"தெரிஞ்சு போச்சுங்க மச்சான்."

"அட சாமி. கொஞ்ச நாள் பொத்தி வெக்க முடியலியா உங்களால?"

மாதேஸ்வரனுக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பான். ஆனால் அடிக்க வேண்டியது யாரை என்று அவனுக்குத் தெரியும். "பொத்தித்தானுங்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

டாக்டரம்மா வெளியே வந்து அவனைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டார். அவன் உள்ளே போனான். கயல்விழி அழுது முடித்திருந்தாள். நர்ஸ் துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். கட்டில் கால்மாட்டில் நின்றான்.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்குக் கம்பி வெக்கறாங்களாம். ஆறுனதும் கரண்ட். அப்புறம் மருந்து மாத்தறாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் எத்தன நாளுன்னு கேட்டேன்."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"எத்தன நாள் புள்ள?"

கயல்விழி அவனை நேராகப் பார்த்தாள். கை உடைந்த பிறகு அப்போதுதான் பார்த்தாள். முகத்தில் வெறுப்பில்லை. வெறுப்பு இருந்திருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அத நானே வெச்சுக்கறேனுங்க" என்றாள்.

கேட்டு வாங்குவதற்குத் தனக்கு வாய் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

"அறிவுக்குப் போன் போட்டு அந்த நர்ஸுப் பொண்ணுகிட்டக் குடுங்க, அது காதுல புடிச்சுக்கும். புள்ளைகிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிக்கறேன். பரீட்ச கெடக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வெளிய போயி ஏதாச்சும் சாப்புடுங்க. காலையிலயும் ஒண்ணும் சாப்புடல" என்றாள்.

மாதேஸ்வரன் மகளின் நம்பரை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். கதவு சாத்துவதற்குள் "சாமி, அம்மா பேசறேன்" என்று அவள் ஆரம்பிப்பது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.